பேனரில் மறைத்த இரண்டெழுத்து

பிள்ளைகளே, உழவர்கரை முனையில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனரில், பெரியப்பாவின் பெயருக்கு முன்னால் வெள்ளைத்தாள் ஏன் ஒட்டியிருக்கிறது என்று கேட்டீர்கள். பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

தாளுக்கு அடியில் ‘காம்.’ என்று இருக்கிறது. காம்ரேட் என்பதன் சுருக்கம். மில்லில் எங்கள் சங்கத்துக்காரர்கள் நோட்டீசில் பெயருக்கு முன்னால் அப்படித்தான் போடுவோம். பெரியப்பாவும் நானும் ஒரே ஷிப்டு. அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னதே அவர்தான். ஸ்டிரைக் சமயம், மில் வாசல் பந்தலில் படுத்திருந்தோம்.

“ஸ்பெயின்காரன் வார்த்தைடா. ஒரே ரூம்ல தங்குற சிப்பாய்ங்க ஒருத்தர ஒருத்தர் கூப்புடறது. அவங்கிட்டேர்ந்து பிரெஞ்சுக்காரன் எடுத்தான், அப்புறம் இங்கிலீஷ்காரன்.”

“நமக்குத்தான் ரூமே இல்லியே?”

“பந்தல் இருக்குல்ல. மொதல்ல என் மேலேர்ந்து கால எடு.”

மில்லை மூடினார்கள். நான் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் ஆனேன். பெரியப்பா போன வாரம் போய்விட்டார். அவர் மகன் வந்து, “சித்தப்பா, உங்க கையெழுத்து நல்லாருக்கும், பேனருக்கு எழுதிக் குடுங்க” என்றான். பேனர் கடையில் உட்கார்ந்து எழுதினேன். யோசிக்கவில்லை. பழக்கத்தில் கை ‘காம்.’ என்று போட்டுவிட்டது.

கம்ப்யூட்டரில் அடித்த பெண் கேட்டது: “இது என்னா அங்கிள், பி.ஏ. மாதிரி படிப்பா?”

“ஆமாம்மா. மில்லு வாசல்ல படிச்சது.”

பேனரைக் கட்டி முடித்த பிறகுதான் மகன் பார்த்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“அது எதுக்கு சித்தப்பா? சம்பந்தி வீட்ல வேற கட்சி. இத பாத்தா தங்கச்சியத்தான் குத்திக் குத்திப் பேசுவாங்க. அவ அங்க வாழணும்ல.”

“சரிப்பா” என்றேன். அவன் சொன்னது நியாயந்தான். எழுதியது நான், அதனால் ஸ்டூல் போட்டு ஏறி நானே தாளை ஒட்டினேன். ஓரங்களை விரலால் தேய்த்துவிட்டேன். துக்கம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பசை கையில் காய்ந்து உரிந்தது, அவ்வளவுதான்.

எங்கள் சங்கத்து ஆட்கள் இறந்து பாடை எடுக்கும்போது அந்த வார்த்தை சொல்லிக் கோஷம் போடுவது வழக்கம். எப்போதும் நான்தான் ஆரம்பிப்பேன். அன்றைக்கும் மில் ஆட்கள் நாலு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சம்பந்தி வீட்டார் எதிரே நின்றார்கள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோஷமில்லாமலே தூக்கிப் போனார்கள்.

நேற்று மழையில் தாளின் ஒரு மூலை பெயர்ந்து, ‘ம்’ தெரிகிறது. டூட்டிக்குப் போகும்போது சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன். திரும்ப அழுத்தி ஒட்டவும் இல்லை, பிய்க்கவும் இல்லை. நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.