என் இரண்டு ரூபாய்க்கு மேல் ஒருவரும் எழுதவில்லை

ஆனி எட்டாந் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. சோளகக் காற்று வீதிப் புழுதியை அள்ளி என் தேநீரில் போட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் என் தங்கை மகன் தில்லைநாதன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றான்.

“மாமா, உங்கடை இரண்டு ரூபாய்தான் எங்களைக் கெடுத்துப்போட்டுது.”

கொடுத்தவனுக்கு இப்படியும் ஒரு நன்றியா?

தில்லை கொழும்பில் கல்லூரியில் இலக்கியம் படிக்கிறான். விடுமுறைக்குப் புத்தூருக்கு வந்தவன், என் சாய்மனைக் கதிரையில் கிடந்து நாவல் வாசிப்பதோடு நின்றிருக்கலாம். (அதற்கே என் மண்ணெண்ணெய் வாரத்துக்கு அரைப் போத்தல் கூடுதலாகப் போகிறது.) அவனோ சந்தியில் ஓர் அறையைப் பிடித்து, ‘இலக்கியக் கிளப்’ என்று பலகை தொங்கவிட்டான். தோட்ட வேலை முடித்து வருவோருக்குப் பழைய பாட்டுகள் படிப்பித்தான். முதல் நாள் ஐந்து பேர். மூவர் உறங்கினார்கள் — நான் எண்ணினேன்.

பிறகு ஒரு தந்திரம் செய்தான். ஒரு பாட்டைப் பிழையில்லாமல் சொன்னால், நாவலில் ஓர் அதிகாரம் வாசித்துக் காட்டுவான். பாட்டு இல்லையேல் கதையும் இல்லை. இப்போது இருபத்திரண்டு பேர் வருகிறார்கள்.

அறைக்கு ஆண்டு வாடகை அறுபது ரூபாய். திங்கட்கிழமை காலைக்குள் கட்டாவிட்டால், அறைக்காரர் அங்கே புகையிலை அடுக்கிவிடுவார். ஆகவே கிளப்புக்குப் பணம் தரும் போஷகர்களைத் தேடினான். உறவில் மூத்தவன் என்று நன்கொடைத் தாளை முதலில் என்னிடம் நீட்டினான். நானும் தாராளமாக இரண்டு ரூபாய் எழுதினேன்.

அங்கேதான் பிழை நேர்ந்தது! எங்கள் ஊரில் மூத்தவர் எழுதிய தொகைக்கு மேலே யார் எழுதுவார்?

அடுத்தவர் சரவணமுத்தர். மலாயாவில் உழைத்து ஊர் திரும்பியவர். போன திருவிழாவில் வாணவேடிக்கைக்கு மட்டும் நூறு ரூபாய் எரித்தவர். தாளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாராம். “ஐயா இரண்டு போட்டிருக்கிறார். நான் அதுக்கு மேலை எழுதினால் ஊர் என்ன கதைக்கும், தம்பி?” — ஒன்றே முக்கால் எழுதினார். கடைக்காரர் ஒன்றரை. மற்ற நால்வர் ஆளுக்கு ஒன்று. மொத்தம் ஒன்பதே கால்!

“அதுக்கு நான் என்ன செய்யிறது? பேரை வெட்டிவிடவோ?” என்றேன்.

“வெட்ட வேண்டாம் மாமா. கூட்டி எழுதுங்கோ.”

“எவ்வளவு?”

“இருபத்தைஞ்சு.”

என் மாதப் பென்ஷன் நாற்பது. திட்டித் திட்டியே களைத்துப்போனேன். அன்று மாலை அறைக்குப் போனது, உண்மையில் இருபத்திரண்டு பேர்தானா என்று எண்ணிப் பார்க்கத்தான். வேறு எதற்கு?

கந்தையா, நீர் இறைத்த சேறு காலில் காயாமல், எழுந்து நின்று பாட்டில் தடுமாறிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒரு குரல்:

“டேய் கந்தையா, கெதியாச் சொல்லித் துலையடா! உன்னாலை அந்தப் பிள்ளை மூண்டு நாளாக் கிணத்தடியிலை நிக்கிறாள்!”

“நான் என்ன வேணுமெண்டே நிக்கவைக்கிறன்? உந்த நாலாம் அடி வாயிலை வருகுதில்லை, அண்ணை.”

அந்தப் பிள்ளை நாவலின் கதாநாயகி. கணவன் கடலுக்குப் போய் ஆண்டு ஏழாகிறது. எல்லோரும் அடியெடுத்துக் கொடுக்க, கந்தையா ஒருவாறு பாட்டைக் கரைசேர்த்தான். தில்லை வாசித்தான். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்… தூரத்தில் ஒரு பாய்மரம் தெரிந்தது… புத்தகத்தை மூடிவிட்டான்.

“மிச்சம் திங்கட்கிழமை.”

“திங்கட்கிழமை இஞ்சை புகையிலையெல்லோ இருக்கும்?” என்றான் கந்தையா.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு பேர்தான், எண்ணிக்கை சரி.

பேனாவை வாங்கினேன். இரண்டை வெட்டி இருபத்தைந்து எழுதினேன்.

ஞாயிறு காலை சரவணமுத்தர் தாளை நெடுநேரம் பார்த்தாராம். என் தொகைக்கு மேலே எழுதினால் மரியாதைக் குறைவு. மிகவும் கீழே எழுதினால் மானக்கேடு. “உன்ரை மாமன் என்னைக் கொன்றுபோட்டான்!” என்று சொல்லி, இருபத்துநாலு எழுதினார். கடைக்காரர் பத்து. மற்ற நால்வரும் அந்த ஒரு ரூபாயிலிருந்து அசையவே இல்லை. ஆனாலும் அறுபத்துமூன்று சேர்ந்துவிட்டது. அன்றே வாடகை கட்டியாயிற்று.

அந்தப் பாய்மரத்தில் கணவன் வந்தானா? கந்தையாவுக்கு நான் சொல்லமாட்டேன். அவன் பாட்டுச் சொல்லியே அறியட்டும். புத்தகம் என் சாய்மனைக் கதிரையில் கிடந்தது, என்னால் திங்கள்வரை பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கிளப்புக்கு இருபத்தைந்து ரூபாய். மண்ணெண்ணெய்க்கு முப்பத்தைந்து சதம். ஆக எனக்குப் போனது, இருபத்தைந்து ரூபாய் முப்பத்தைந்து சதம்.