பெல்மதுளையிலிருந்து ஜாவாவுக்கு ஒரு விசா

ஜாவாவுக்குப் போகும் ஆசை எனக்கு ஒரு தபால் அட்டையால் வந்தது. என் கல்லூரித் தோழி கமலம் கொழும்பிலிருந்து அனுப்பியது. போரோபுதூர் என்ற இடத்துக் கற்கோபுரங்களின் படம் அதில் இருந்தது. நாலு வருஷம் அது என் மேஜையில் சாய்ந்து நின்றது. இந்த ஏப்ரலில் எனக்கு ஆறு வாரம் லீவு கிடைத்தது. பதினோரு வருஷத்தில் நான் கேட்ட முதல் நீண்ட லீவு. வயது நாற்பத்து மூன்று. இனியும் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பதா என்று தோன்றியது. கமலமும் வருவதாகச் சொன்னாள். ஆனால் இருவரும் சேர்ந்து போனால்தான் அனுப்புவேன் என்று அவள் கணவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே என் பயணம் நின்றால் அவளுடையதும் நின்றுவிடும்.

நான் பிறந்தது பாளையங்கோட்டையில், படித்தது சென்னையில். இப்போது இலங்கையில், பெல்மதுளைக்கு நாலு மைல் மேலே, தேயிலையும் ரப்பரும் உள்ள ஒரு தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறேன். என்னைப் போலப் பிறந்த ஊர் ஒன்று, குடியிருக்கும் ஊர் ஒன்று என்று இருப்பவர்கள் மூன்றாவது தேசம் ஒன்றைப் பார்க்கப் போக என்னென்ன செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதக் காணோம். பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

யுத்தத்துக்கு முன்பு கப்பல் டிக்கெட் மட்டும் போதுமாம். இப்போது பாஸ்போர்ட் வேண்டும், அதில் அந்தத் தேசத்துக் கான்சலின் விசா முத்திரையும் வேண்டும். கொழும்பில் பாஸ்போர்ட் வாங்க எனக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. ஜாவா ஒல்லாந்தர் ஆட்சியில் இருப்பதால், பிறகு ஒல்லாந்துக் கான்சலுக்கு எழுதிக் கேட்டேன். பாஸ்போர்ட், இரண்டு புகைப்படம், போகவர டிக்கெட், ஆறு ரூபாய் கட்டணம், இலங்கையில் வேலை கொடுத்தவரின் கடிதம் ஒன்று என்று பதில் வந்தது. இரத்தினபுரியில் புகைப்படம் எடுக்க இரண்டு ரூபாய். நான்கு பிரதி தந்தார்கள். நான்கிலும் யாரையோ அடிக்கப் போகிறவள் போல இருந்தேன்.

கப்பல் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. கான்சல் ஆபீஸ் வெள்ளிக்கிழமை மூன்று மணியோடு மூடிவிடும். வியாழக்கிழமையே போய்விடலாம் என்று திட்டமிட்டு, புதன்கிழமை காலை தோட்டத்து ஆபீசுக்குக் கடிதம் வாங்கப் போனேன். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் பார்க்கப் போயிருந்தார். பெரிய கிளாக்கர் மரியதாஸ் இருந்தார்.

“துரை இல்லாட்டி என்னாங்க டீச்சரம்மா? கையெழுத்துப் போட்டு வச்சிட்டுத்தான் போயிருக்காரு” என்று இழுப்பறையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து, அழகான எழுத்தில் என் பெயரை நிரப்பினார். “நம்ம தோட்டத்தைவிட்டுப் போறவுங்க எல்லாருக்கும் குடுக்கிறதுதான். எந்தத் தோட்டத்துக் கேட்டுல காட்டினாலும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க.”

ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளை நான் வாசிக்காமல் இல்லை. நன்னடத்தை உள்ளவர் என்று இருந்தது. பதினோரு வருஷம் என்று இருந்தது. துரையின் கையெழுத்து இருந்தது. மனநிறைவோடு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வியாழன் காலை ஐந்து மணிக்கு வீராசாமியின் மாட்டுவண்டியில் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டேன். கூலி எழுபத்தைந்து சதம்.

“ஜாவாவுல என்னம்மா இருக்கு?” என்றார் வீராசாமி.

“மலை இருக்கு, பழைய கோயில் இருக்கு. தேயிலைத் தோட்டம்கூட இருக்காம்.”

“அதுக்கு எதுக்குங்க கப்பலேறணும்? அந்தா, எட்டாம் நம்பர் மலையில நின்னு பாத்தாலே எல்லாம் தெரியுமே!”

ஆறு இருபதுக்குச் சின்ன ரயில். இரண்டாம் வகுப்பு மூன்று ரூபாய் நாற்பது சதம். இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். இரத்தினபுரிக்கு அப்பால் ஆறு உங்களோடு கூடவே வரும், வலது பக்கக்காரர்களுக்கு மண்மேடுதான். பன்னிரண்டு நாற்பதுக்குக் கொழும்புக் கோட்டையில் இறங்கினேன். ஸ்டேஷனில் கமலம் காத்திருந்தாள். அவள் விசா போன வாரமே கிடைத்துவிட்டது.

கான்சல் ஆபீசில் எழுத்தர் ஒரு மலாய்க்காரர். ஐம்பது வயதிருக்கும், தமிழ் நன்றாகப் பேசினார். என் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டியவர் துரையின் தாளில் நின்றுவிட்டார். இரண்டு தரம் வாசித்தார்.

“அம்மா, இத நீங்க வாசிச்சீங்களா?”

“வாசித்தேன்.”

“இன்றோடு வேலையிலிருந்து நீக்கப்பட்டார், இனி எந்தத் தோட்டத்திலும் வேலைக்குச் சேரலாம்னு எழுதியிருக்கு. ஜாவாவுலயும் தேயிலைத் தோட்டம் நெறைய இருக்கும்மா. கான்சல் துரை இதப் பாத்தா, நீங்க ஊர் பாக்கப் போகல்ல, வேல தேடிப் போறீங்கன்னுதான் நினைப்பார்.”

அந்தத் தாள் பத்துச்சீட்டு. தோட்டத்தைவிட்டு ஒரேயடியாகப் போகிறவர்களுக்குக் கொடுப்பது. துரை கோபித்து அனுப்பினாலும், ஆள் தானே கேட்டுப் போனாலும் அதே தாள்தான். ஒருவர் வெளியே போய்விட்டுத் திரும்பி வருவார் என்பதற்கு எங்கள் ஆபீசில் அச்சடித்த தாளே கிடையாது. கிளாக்கரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் எழுதினார் என்றால், ஆங்கிலம் படித்த நானும் அதை வாசித்துச் சந்தோஷப்பட்டேனே! பதினோரு வருஷமாக அந்தத் தாளை நல்லவர்கள் கையில் கௌரவமாகப் பார்த்துப் பழகிய கண்.

வெளியே வந்ததும் கமலம் சிரிக்கத் தொடங்கினாள். “ஏண்டி, லீவு கேட்டா வேலையே போச்சு! பாளையங்கோட்டைக்கு டிக்கெட் மாத்திடலாமா?”

நானும் சிரித்தேன். ஆனால் அவள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. தந்தி ஆபீசுக்கு ஓடினோம். ‘பத்துச்சீட்டு தவறு. லீவுக் கடிதம் வேண்டும். வெள்ளி மூன்று மணிக்குள்’ என்று ஆங்கிலத்தில் சுருக்கி மரியதாசுக்கு அடித்தோம். ஒரு ரூபாய் பத்துச் சதம்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணியிலிருந்து கான்சல் ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. மலாய்க்காரர் இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். கமலம் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். இரண்டே காலுக்கு ஒரு லொறி தெருமுனையில் நின்றது. அதிலிருந்து கறுப்புக் கோட்டும் குடையுமாக மரியதாஸ் இறங்கினார். ரப்பர் ஷீட்டுகளோடு காலை ஐந்து மணிக்கு ஏறியவர். கோட்டில் ரப்பர்ப் புகை வாசனை அப்படி அடித்தது.

“மன்னிச்சுக்கங்க டீச்சரம்மா. அவிசாவளையில டயர் வெடிச்சிருச்சு” என்று மூச்சு வாங்கினார். பெரிய துரைக்கு அடுத்தவரான சின்னத் துரையை எழுப்பிக் கையெழுத்து வாங்கிய லீவுக் கடிதம் அவர் உள்பையில் இருந்தது.

மலாய்க்காரர் அதை உள்ளே கொண்டுபோனார். நேற்றைய தாளைப் பற்றியும் மறைக்காமல் சொல்லியிருக்க வேண்டும். திரும்பி வந்து, “கான்சல் துரை ஒண்ணு கேக்கச் சொன்னார். நேத்து ஒரு கடிதம், இன்னைக்கு ஒரு கடிதம். இவங்க நிச்சயமா திரும்பி வருவாங்களா?” என்றார். கேள்வி எனக்கு. பதில் சொன்னது மரியதாஸ்.

“வராம? ஜூன் மூணாம் தேதி பள்ளிக்கூடம் தொறக்கணும். கூரை மாத்தணும்னு துரைகிட்ட இவங்க போட்ட சண்டை இன்னும் முடியல. பாதிச் சண்டையில விட்டுட்டுப் போற ஆளா இவங்க? எங்க துரையக் கேட்டுப் பாருங்க!”

மலாய்க்காரர் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே போய் அதை என்னவென்று சொன்னாரோ, கான்சல் துரையின் சிரிப்பும் கேட்டது. பிறகு மலாய்க்காரர் வெளியே வந்து ஒரு படிவத்தை என்முன் வைத்தார். ‘நிரந்தர வசிப்பிடம்’ என்ற இடத்தில் மட்டும் என் பேனா நின்றது. இத்தனை வருஷமும் கேட்டவர்களுக்கெல்லாம் பாளையங்கோட்டை என்றே சொல்லி வந்திருக்கிறேன். அங்கே எனக்காக லொறியில் வரக்கூடியவர் யார் என்று யோசித்தேன். பெல்மதுளை என்று எழுதினேன். இரண்டு நாற்பதுக்கு முத்திரை விழுந்தது.

மரியதாஸ் கையை நீட்டினார். “அந்தப் பத்துச்சீட்டக் குடுங்கம்மா. அது வெளிய இருந்தா நீங்க வந்தாலும் ஆபீசுக் கணக்குல ஆள் இல்லாம போயிருவீங்க.” வாங்கி நாலாகக் கிழித்துக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டார். கமலம் வீட்டில் சாப்பிட அழைத்தோம். லொறி திரும்புகிறது என்று ஓடிவிட்டார்.

சனிக்கிழமை கப்பல் ஏறினோம். எட்டாம் நாள் ஜாவாவின் தலைநகர் பத்தேவியா. போரோபுதூரின் மேல்தளத்தில் சூரியன் எழுந்தபோது கமலம் அழுதாள், நான் பெரிய கிளாக்கருக்கு ஒரு தபால் அட்டை எழுதினேன்.

போக நினைப்பவர்களுக்கு: விசாவுக்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள், என்னைப் போல ஒரு நாள் அல்ல. ஏப்ரலில் துரைமார் மலைக்குப் போய்விடுவார்கள், மார்ச்சிலேயே கடிதம் வாங்குங்கள். அதில் லீவு தொடங்கும் தேதியும் வேலைக்குத் திரும்பும் தேதியும் இருக்கட்டும். உங்கள் ஆபீஸ் எல்லாருக்கும் கொடுக்கும் தாள் என்று எதையாவது நீட்டினால், உங்களை யாரென்றே அறியாத ஒருவர் அதை எப்படி வாசிப்பார் என்று யோசித்து வாசியுங்கள். நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்பதைப் பாஸ்போர்ட் சொல்லிவிடும். கான்சலுக்கு வேண்டியது நீங்கள் எங்கே திரும்பப் போகிறீர்கள் என்பது. அதைச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இருந்தால், தைரியமாகக் கப்பல் டிக்கெட் வாங்கலாம்.