நயினாதீவுப் படகில் ஏற நாங்கள் கீறிய பலகை

சக்கர நாற்காலியில் நயினாதீவுக்குப் போகலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். போகலாம். போன மாதம் ஒரு சனிக்கிழமை போய்வந்தேன், அதுவும் ஒருவரும் தூக்காமல்.

விபத்துக்குப் பிறகு முதல்முறை அங்கே போனபோது, குறிகட்டுவான் துறையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் என்னை அள்ளித் தூக்கிப் படகில் வைத்தார்கள். நல்ல மனம்தான். ஆனால் மேலே ஏறிப்போன சட்டையை இழுத்துவிட எனக்குக் கை இல்லை. இரண்டு கையும் அவர்களுடைய கழுத்தில். தீவிலுள்ள அம்மன் கோயிலில் இருந்த நேரமெல்லாம், திரும்பும்போது மறுபடி தூக்குவார்களே என்ற எண்ணம்தான். இனி நானாக ஏற முடிந்தால் மட்டும் வருவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

இந்த முறை படகோட்டி தேவன் அண்ணையுடன் முதலில் தொலைபேசியில் கதைத்தேன். சரிவாக ஒரு பலகை வைக்கலாமா என்று கேட்டேன். அவருக்கு விளங்கியது வேறு.

"நாலு பெடியள் நிக்கிறாங்கள், தங்கச்சி. தூக்கி ஏத்துவம். நீர் யோசிக்காதையும்."

வாயால் சொல்லிச் சரிவராது என்று தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டட அலுவலகத்தில் வீட்டுப் படம் கீறுவதுதான் என் வேலை. கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, பயணத்துக்குப் பத்து நாள் முன்னரே சிநேகிதி வாசுகியுடன் ஆட்டோவில் குறிகட்டுவானுக்குப் புறப்பட்டேன். பண்ணை, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று வீட்டிலிருந்து 33 கிலோமீற்றர்; ஒரு மணி இருபது நிமிடம். போகவர, காத்திருப்பும் சேர்த்து, ஏழாயிரம் ரூபா. பாலங்களில் காற்று பலம், தொப்பி நிற்காது.

தேவன் அண்ணைக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். துறையில் வைத்தே கீறிக் காட்டினேன்: துறை, படகு, நடுவில் பலகை, இரண்டு நுனியும் இரும்புக் கொழுவியால் இறுக்கியபடி. குனிந்து பார்த்தார்.

"இது சரிவராது, தங்கச்சி. ரெண்டு பக்கமும் இறுக்கினா ஒரு அலைக்கே முறிஞ்சிடும். படகு நிண்ட இடத்தில நிக்காதெல்லோ?"

பென்சிலை வாங்கி, படகுப் பக்கத்துக் கொழுவியைப் பெருவிரலால் தேய்த்து அழித்தார். அந்த நுனி தளத்தில் சும்மா கிடந்து வழுக்க வேண்டும். பிறகு தேங்காய்ச் சிரட்டை மாதிரி இரண்டு படகு கீறினார். ஒன்று வெறும் படகு, மற்றது ஆட்கள் நிறைந்து தாழ்ந்தது. துறைக்கும் தளத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் முதற்படத்தில் ஓரடி, இரண்டாவதில் ஒன்றரை. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறிதட்டியது.

"அப்ப நான் முதல் ஆளா ஏறி, கடைசியா இறங்கவேணும், என்ன அண்ணை?"

"ஓம்! அதைத்தான் சொல்லுறன்."

உண்மையில் அவர் அதைச் சொல்லவில்லை, கீறியிருந்தார். ஆறு தாள் முடிந்தது. எட்டடி நீளம், முப்பது அங்குல அகலம், நாற்காலிச் சில்லு விலகாமல் இரண்டு ஓரமும் சட்டம். திரும்பும் வழியில் இறுப்பிட்டியில் ஒரு தச்சரிடம் கடைசித் தாளைக் கொடுத்தோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மடிக்கிற மாதிரிச் செய்யட்டோ? தூக்க லேசு." பலகை இரண்டாக மடிந்தது அவருடைய யோசனை.

பயண நாளில் எட்டு மணிப் படகுக்கு ஏழரைக்கே துறையில் நின்றோம். வழியில் தச்சரிடம் வாங்கிவந்த பலகையைப் போட்டாயிற்று. நான் நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இறங்கத் தொடங்கினேன். நடுவில் பலகை அசைய, சில்லை இறுக்கிப் பிடித்தேன்.

"பிடியுங்கோ, பிடியுங்கோ!" என்று வரிசையில் நின்ற ஒருவர் ஓடிவந்தார்.

தேவன் அண்ணை குறுக்கே கையை நீட்டினார். "விடுங்கோ. அவ வருவா."

வந்தேன். சில்லு தளத்தைத் தொட்டபோது படகும் கொஞ்சம் ஆடியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இருபது நிமிடத்தில் நயினாதீவு. அங்கே துறையில் நின்று படகுக் கயிற்றைப் பிடித்துக் கட்டுபவர் என்னைக் கண்டதும் தூக்கவே கையை நீட்டினார். தேவன் அண்ணை சட்டைப்பையிலிருந்து, தச்சர் பலகையோடு திருப்பித் தந்த தாளை எடுத்துக் கொடுத்தார். வாங்கியவர் பார்த்துவிட்டு, "ஓ, இந்த நுனியை விடவேணும்" என்று பலகையின் மறுநுனியைத் துறைக் கட்டையில் கட்டினார். இறங்கும்போது மேடேறும் சரிவு. ஒருவர் முதுகுப்பக்கம் தள்ளவேண்டியிருந்தது. தள்ளுவது வேறு, தூக்குவது வேறு. அன்று அம்மன் வாசலில் ஒரு மணிநேரம் நிம்மதியாக இருந்தேன்.

போகிறவர்களுக்கு: உங்கள் நாற்காலியின் அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காற்று கூடும் மாதங்களில் வேண்டாம். காலைப் படகே நல்லது, தண்ணீர் அமைதி. பேனையை விடப் பென்சில் கொண்டு போங்கள். எதிரில் இருப்பவருக்கு உங்கள் கோட்டை அழிக்க வழி இருக்கவேண்டும். என் முதற்கோடு அழியாமல் இருந்திருந்தால் நான் கடலில் விழுந்திருப்பேன்.

பலகை இப்போது அந்தப் படகிலேயே கிடக்கிறது, கேட்டால் போடுவார்கள். பக்கத்தில் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பதினொரு வருடமாக வீடுகள் கீறுகிறேன், அவற்றில் கையெழுத்து வைப்பவர் எஞ்சினியர். இந்தத் தாளின் கீழ்மூலையில் மட்டும் இரண்டு கையெழுத்து: தேவன் அண்ணையுடையது, என்னுடையது.