துறைமுகத்தில் நின்ற பச்சைப் புள்ளி

காரைக்கால் பக்கம் நெரவியில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தபடியே நான் பல மாதங்கள் கடலில் போயிருக்கிறேன். வயிறு குமட்டியதில்லை, சட்டை நனைந்ததில்லை. பிரவுசரில் இரண்டு கட்டங்களில் இரண்டு எண்களை அடித்தால் என் படகு கோடியக்கரைக்குப் போய்விடும். எண்களை மாற்றினால் திரும்பி வந்துவிடும். நடுவில் கீழே இறங்கிப் போய் டீ போட்டுக்கொண்டு வருவேன்.

சென்னையில் உள்ள ஒரு சின்ன கம்பெனிக்கு வீட்டிலிருந்தே மொபைல் ஆப் எழுதிக் கொடுப்பது என் வேலை. அப்போது எழுதிக்கொண்டிருந்தது மீன்பிடிக்கப் போகிறவர்களின் வீட்டாருக்கான ஆப். படகில் இருப்பவரின் போன் தான் இருக்கும் இடத்தை அவ்வப்போது அனுப்பும். கரையில் இருப்பவரின் போனில் அது வரைபடத்தின் மேல் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

இப்படிப்பட்ட ஆப்பில், போனின் கேமராவோடும் ஜிபிஎஸ்ஸோடும் பேசுவதற்குப் பிளக்-இன் என்று தனித்தனித் துண்டுகள் உண்டு. கம்ப்யூட்டர் பிரவுசரில் அவை வேலை செய்யாது. ஒரு வரி மாற்றினால்கூடப் போனில் ஏற்றித்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் வேலை என்றைக்கும் முடியாது. அதனால் அவற்றின் இடத்தில் பொய்யாக ஒன்றை எழுதி வைத்துக்கொள்வோம். என் பொய்க் கேமரா, எப்போது படம் எடுக்கச் சொன்னாலும் பக்கத்து வீட்டுச் சேவலின் படத்தையே தரும். என் பொய் ஜிபிஎஸ், எங்கே இருக்கிறாய் என்று கேட்ட மறு நொடியே காரைக்கால் மீன்பிடித் துறைமுகம் என்று சொல்லும். நானாக வேறு எண் கொடுத்தால்தான் வேறு இடம். தெரியவில்லை என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. நிஜ ஜிபிஎஸ்ஸைவிட அதைத்தான் எனக்குப் பிடித்திருந்தது.

கம்பெனிக்காரர்களுக்கு ஆப்பைக் காட்ட வேண்டிய நாளில் நிஜப் போனைக் கையில் எடுத்தேன். அறைக்குள் ஜிபிஎஸ் கிடைக்காமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மானம் போய்விடுமே என்று அவசர அவசரமாக மூன்று வரி சேர்த்தேன். பத்து விநாடிக்குள் நிஜம் பதில் சொல்லாவிட்டால் பொய் சொல்வதை எடுத்துக்கொள், அவ்வளவுதான் அந்த மூன்று வரி. வீடியோ அழைப்பில் பச்சைப் புள்ளி டக்கென்று துறைமுகத்தில் வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் அப்புறம் என்று ஒரு நாள் வந்ததே இல்லை.

சோதனைப் பட்டியலில் 'கடலில் சோதிக்கப்பட்டது' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டேன். மீனவர் கிராமமான கருக்களாச்சேரி எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போகிற தூரம்தான். ஒரே ஒரு நாள் யாருடைய படகிலாவது ஏறிப் பார்த்திருக்கலாம். எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அக்கா கருக்களாச்சேரிக்காரர். வாரத்தில் மூன்று நாள் அன்னக்கூடையோடு மினி பஸ்ஸில் வந்து இறங்குவார். அவர் வீட்டுக்காரரும் வீட்டுக்காரரின் அண்ணனும் ஒரே பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். ஆப் வெளியானதும் முதல் ஆளாக அவர் போனில் நானே ஏற்றிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் போனையும் அடுத்த முறை வாங்கி வந்து, "இதுலயும் போட்டுக் குடுங்க பாப்பா, இனிமே எனக்கு வயித்துல நெருப்பு இருக்காது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு இரண்டு வாரம் அக்கா வரவில்லை. வந்த அன்று கூடையை இறக்கி வைத்ததும் அவரே ஆரம்பித்தார்.

"பதினோரு மணியாயியும் படகு வரல பாப்பா. தேடிப் போவோம்னு பசங்க ரெண்டு படகக் கடல்ல தள்ளிட்டாங்க. நான் போன எடுத்துப் பாத்தேன். புள்ளி தொறமொகத்துல நிக்குது. அங்கதான் இருக்காங்க, மீன ஏலம் போட்டுட்டு வருவாங்க, நீங்க வேலையப் பாருங்கன்னு நாந்தான் சொன்னேன். அவங்களும் படகத் திரும்பக் கரையில ஏத்திட்டாங்க."

மூன்று மணிக்குத் துறைமுகத்திலிருந்து வந்த ஒருவர், அந்தப் படகு அந்தப் பக்கமே வரவில்லை என்றிருக்கிறார். அதன் பிறகுதான் தேடிப் போயிருக்கிறார்கள். இன்ஜின் விசிறியில் கயிறு சுற்றி, படகு மிதந்துகொண்டு கிடந்தது. கயிற்றை எடுக்கப்போன அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன.

"நேரத்தோட கொண்டாந்திருந்தா ஒட்டவெச்சிருக்கலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. அவரு பொஞ்சாதி, எங்க ஓர்ப்படியா, எங்கிட்டப் பேசறதில்ல. போறவங்களத் தடுத்தவ இவதானேன்னு ஊரே சொல்லுது. ஒங்க ஆப்ப ஒண்ணும் சொல்லல பாப்பா. எனக்குத்தான் பாக்கத் தெரியல." சொல்லிவிட்டு அருவாமனையைப் போட்டு சங்கரா மீனை ஆயத் தொடங்கினார்.

நான் மாடிக்கு ஓடினேன். அந்த நாளில் அவர் வீட்டுக்காரரின் போன் அனுப்பிய இடங்களை எடுத்துப் பார்த்தேன். கடலுக்குப் போகிறவர்கள் போனைச் சட்டைப்பையில் வைப்பதில்லை. பாலித்தீன் பையில் சுற்றி, டப்பாவில் அடைத்து, ஐஸ் பெட்டியின் ஓரத்தில் செருகி மேலே ஈர வலையைப் போட்டுவிடுவார்கள். அங்கே ஜிபிஎஸ்ஸுக்கு வானம் தெரியாது. பேசுவதற்குப் போதாத டவர், என் பொய்யை அனுப்புவதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம்வரை துறைமுகம், துறைமுகம், துறைமுகம். கடைசி இலக்கம்கூட மாறவில்லை. நான் மாடியில் எழுதியபடியே இருந்தது.

மூன்று வரியையும் அழித்தேன். புதிய பதிப்பை வெளியிடும்போது என்ன மாற்றம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். 'சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று எழுதினேன். எல்லோரும் எழுதுவதுதான். கம்பெனியில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கீழே அக்கா கையைக் கழுவிக்கொண்டு, "வரேன் பாப்பா" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவரிடம் பேரம் பேசுவதை விட்டேன். தேவைக்கு மேல் வாங்கி, பாதியைத் தெருப் பூனைகளுக்குப் போட்டேன். "என்ன பாப்பா, வீட்டுல விருந்தாளியா?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். ஒருநாள் காலை, அவர் கூடையை இறக்குவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு நீங்க சரியாத்தான் பாத்தீங்க. புள்ளிதான் பொய். அது நான் எழுதி வெச்ச பொய்."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. சேவல் படத்தைக்கூடக் காட்டி விளக்கினேன். புரிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எனக்குப் பாக்கத் தெரிஞ்சுதான் இருந்துச்சா?"

"ஆமாங்கக்கா."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இத நீங்க எங்க வீட்டுக்கு வந்து சொல்லணும். நாஞ்சொன்னா, தப்பிச்சுக்கப் பாக்கறான்னுவாங்க. வெரலு போன எங்க மூத்தாரு முன்னாடி, ஓர்ப்படியா முன்னாடி, நீங்க ஒங்க வாயால சொல்லணும். வருவீங்களா?"

"வரேங்கக்கா. ஞாயித்துக்கெழம வரேன்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். கரையில் வண்டியை நிறுத்தும்போதே தூரத்தில் அக்கா என்னைப் பார்த்துவிட்டார். படகு மறைவில் ஒரு பெரியவர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மிச்சமிருந்த விரல்களால் சோற்றைக் கூட்டிக் கூட்டி, முடியாமல், கடைசியில் இடது கைக்கு மாறினார். யாரும் பார்த்துவிட்டார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். என்னால் அடுத்த அடி வைக்க முடியவில்லை. வண்டியைத் திருப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து அக்கா எங்கள் தெருவுக்கு வருவதில்லை. வேறொருவர் மீன் கொண்டு வருகிறார். இதை எழுதும்போதும் யார் பெயரையும் நான் எழுதவில்லை. அக்காவுக்கு மேலும் தொல்லை வரக்கூடாதே என்றுதான், என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்வேன். அதுவும் பொய். கருக்களாச்சேரியில் அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். படகைத் தடுத்தவர் அவர்தான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். தெரியாமல் இருப்பது என் பெயர் ஒன்றுதான்.