வேண்டாமென்ற ரத்தம்

“…அதான் வேணாங்கறேன் தம்பி. இவன் ரத்தம் என் ஒடம்புல ஏறிட்டா இவன் எனக்குப் புள்ளையாயிடுவான். எம் பொண்ணுக்கு அண்ணன். அப்பறம் இன்னாத்துக்குக் கண்ணாலம்?”

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலைமேல் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தேன். பாதிச் சம்பளம் ஊர்ப்பேச்சு கேட்பதற்குத்தான் என்று டாக்டரம்மா என்னைக் கேலி செய்வார். இப்படிச் சொன்ன அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய். பிழைக்க மாட்டோம் என்பது அவருக்கே தெரியும். சாமை அறுப்பு முடிந்ததும் மகளுக்குக் கல்யாணம். அதுவரை கண் திறந்திருந்தால் போதும் என்றுதான் கட்டிலில் கிடந்தார். ஒரு பாட்டில் ஏற்றினால் தாங்கக்கூடும் என்றார் டாக்டரம்மா. மலையிறக்கிக் கொண்டுபோக உடம்பில் தெம்பில்லை. மகளுடையதும் வந்த உறவுக்காரர்களுடையதும் சேரவில்லை, என்னுடையதும் சேரவில்லை. சேர்ந்தது அந்த அம்மாவின் அண்ணன் மகனுடையது மட்டும். அவன்தான் மாப்பிள்ளை.

ரத்தம் ஏற்றினால் முறை மாறாது என்று வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தேன். “உன் பாட்டிலுக்கு முறை தெரியாது தம்பி, எங்க ஊருக்குத் தெரியும்” என்று சிரித்தார். சிரித்தால் ஈறில் ரத்தம் கசியும், முந்தானையால் ஒற்றிக்கொள்வார்.

மாப்பிள்ளை என்னை வராண்டாவுக்கு இழுத்துப் போனான். “அத்த கண்ணசந்ததும் ஏத்திடுங்க சார். வேற யாரோ குடுத்ததுன்னு சொல்லிக்கலாம்.” எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். “திருடியாவது நாலு நாள் சேத்துக் குடுக்கலாம்னு எனக்கும் ஆசைதான்பா. ஆனா அந்த நாளு அவங்களோடது. கேட்டுத்தான் குடுக்கணும்” என்றார்.

இப்போது ரத்தம் பையில் வருகிறது. யாருடையது என்று கேட்பாரில்லை, நல்லதுதான். ஆனாலும் இனித் தேறாது என்று கைவிட்டவர்களின் தலைமாட்டில் அந்தப் பை தொங்குவதைப் பார்த்தால், ‘இவங்களக் கேட்டீங்களா?’ என்பது என் வாய்வரை வந்துவிடுகிறது.

அன்று கேட்கத்தான் போனோம். மாப்பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கட்டிலின்மேல் கையை நீட்டினான். “எடுங்க சார். முறை கெடக்குது.” ஊசியோடு நான் குனிந்தேன். அந்த அம்மா பழையபடி ‘வேணாம் தம்பி’ என்று அதையே திருப்பிச் சொன்னார்.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. “கண்ணாலத்தப் பாக்காமயே பூடுவியே அத்த.”

“பாக்காம எவடா போறா?” என்று, கால்மாட்டில் நின்ற மகளைக் கிட்டே கூப்பிட்டு, ஊசிக்கென்று நீட்டியிருந்த அந்தக் கையில் அவள் கையைப் பிடித்து வைத்தார்.