சனிக்கிழமை வகுப்புக்கு வந்த நஸார் நானா

நஸார் நானா மவுத்தாகிவிட்டார். இன்று விடியற்காலை, பலாங்கொடையில், அவருடைய வீட்டில் உயிர் பிரிந்தது.

கெம்பஸ் சிநேகிதி சமரிதான் மெசேஜ் போட்டிருந்தாள். படித்துவிட்டு அழுதேன்... கொஞ்ச நேரத்தில் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து சீட் அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நானாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் டிபார்ட்மென்ட் ஒபிஸின் கிளார்க். லெக்சரர்மாரைப் பற்றி நாங்கள் எழுதிக் கொடுக்கும் ஃபீட்பேக் ஃபோம் எல்லாம் அவர் பொறுப்பு.

ஃபோம் கொண்டுவந்தால் முதல் வேலை, லெக்சரரை வெளியே அனுப்புவது. பேராசிரியராக இருந்தாலும் சரி.

"சேர், கொஞ்சம் வெளிய நில்லுங்கொ. புள்ளைகள் எழுதட்டும்." கதவையும் சாத்திவிடுவார். பிறகு சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை அறிவிப்பு: பேர் போட வேண்டாம், விருப்பமான மொழியில் எழுதலாம், பயப்பட வேண்டாம்.

நானும் நம்பி எழுதினேன். 2003, 2004 இருக்கும்.

ஸ்டெட்ஸ், அதாவது புள்ளிவிபரவியல், படிப்பிக்கும் சேர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். வெள்ளி வகுப்பு முடிய ஐந்து மணி. ஓப்பநாயக்கவிலிருந்து நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஏறும் கடைசி பஸ்ஸும் ஐந்து மணிக்குத்தான். ஹொஸ்டல் கிடைக்காதவள் நான்... வெள்ளி வகுப்புக்கே போவதில்லை.

அதை எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். திட்டுவதற்குத் தமிழ்தான் நன்றாக வரும், தெரியும்தானே.

"சேர் கரும்பலகைக்குத்தான் படிப்பிக்கிறார். எங்களுக்கு அவருடைய முதுகு மட்டும்தான் விளங்குகிறது. அந்த நீலச் சட்டையின் பின்பக்கம் எத்தனை கோடு என்று கேட்டால் சொல்லுவேன்."

ஃபோமைக் கொடுத்துவிட்டு வந்து பெருமையாகச் சமரியிடம் சொன்னேன். அவள் நெற்றியில் கை வைத்தாள்.

"அடியே, நம்ம பட்ச்ல தமிழ்ல எழுதுறது நீ ஒருத்திதானே?"

ஓட்டமாக ஓடினேன் ஒபிஸுக்கு. நானா என் ஃபோமைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். சேருக்குத் தமிழ் தெரியாது, வாசித்துச் சொல்லும்படி நானாவிடம் கொடுத்திருக்கிறார்.

"நானா, அந்த முதுகு விஷயத்த மட்டும் விட்டுருங்க நானா. பஸ் விஷயத்த சொன்னா போதும்ங்க."

"ஏலா மகள். அதுதான் இதுல நல்ல எடம்."

சேர் ஒபிஸுக்கு வந்தபோது அலுமாரிக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒரு வரி விடாமல் சிங்களத்தில் சொன்னார். கோடு பற்றிய வரியை இரண்டு தடவை. சேர் யார் எழுதியது என்று கேட்டதற்கு, "பேர் போடல்ல சேர்" என்றார், ஒன்றும் தெரியாத முகத்தோடு.

அடுத்த கிழமை வெள்ளி வகுப்பு புதன் காலைக்கு மாறியது. சேர் எங்களைப் பார்த்துப் படிப்பித்தார். போர்டில் எழுதுவதற்குக்கூட நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போனார்... பட்ச் முழுக்கச் சந்தோஷம்.

எனக்கு மட்டும் ஒரு சிக்கல். நான் தவறவிட்ட வெள்ளிக்கிழமைகள் அப்படியே இருந்தன. வரவு போதாது, பரீட்சை எழுத முடியாது என்று நோட்டிஸ் போர்டில் என் பெயர் வந்துவிட்டது. எங்கள் லயத்து வீடுகளிலிருந்து கெம்பஸுக்கு வந்த முதல் ஆள் நான். வீட்டுக்குப் போய் என்னவென்று சொல்வது?

நானாவிடம் போய் அழுதேன்.

"பேர் இல்லாத ஃபோமால வகுப்ப மாத்தலாம் மகள். அட்டெண்டன்ஸ் கேக்கிறதுன்டா பேர் வேணுமே. போய்ச் சொல்லுங்கொ, நான்தான் எழுதினன்டு."

சேரிடம் போனேன். "சேர், அந்தத் தமிழ் ஃபோம் எழுதினது நான்தான்."

சேர் நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை கோடு?"

"பதினொன்று, சேர்."

கதிரையில் சாய்ந்து சிரித்தார். பிறகு வரவு விஷயத்தையும் சொன்னேன். தவறிய பாடங்களைத் தனியாக எடுத்து, வரவில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். மூன்று சனிக்கிழமை காலை.

முதல் சனிக்கிழமை போனால் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கிறார் நஸார் நானா. கையில் கொப்பி. லீவு நாள், அவர் வரவேண்டிய அவசியமே இல்லை.

"பொம்பளப் புள்ள தனிய. ஒரு ஆள் இருந்தா நல்லம்தானே" என்றார்.

சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. சேர் ஒவ்வொன்றாக விளக்க விளக்க, பின்னாலிருந்து கை தூக்குவார். "சேர், விளங்கல்ல. இன்னொரு தரம்." எனக்கும் விளங்காமல்தான் இருக்கும், கேட்க வெட்கம். அவர் கேட்கக் கேட்க எனக்கு விளங்கியது.

மூன்றாவது சனிக்கிழமை முடிவில் சேர் எங்கள் இரண்டு பேருக்கும் ஃபீட்பேக் ஃபோம் கொடுத்தார். தானாகவே எழுந்து வெளியேயும் போனார்!

நான் இங்கிலிஷில் எழுதினேன். நானா தமிழில் எழுதி, நான்காக மடித்து வைத்துவிட்டு, தேத்தண்ணி எடுக்கப் போய்விட்டார். சேர் வந்து பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். வாசித்துச் சொல்லச் சொன்னார்.

"எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது. இவள் பாஸ் ஆகாவிட்டால் சேர் இன்னும் மூன்று சனிக்கிழமை வர வேண்டும். நானும் வருவேன்."

நானா மாதிரியே, ஒரு வரி விடாமல் சிங்களத்தில் சொன்னேன்.

ரிசல்ட் வந்த அன்று முதலில் ஓடியது ஒபிஸுக்குத்தான். "நானா, பாஸ்!"

எழுந்து நின்று கை தட்டினார். அப்புறம் முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"அப்ப சனிக்கெழம வகுப்பு இல்லையா மகள்?"

போய் வாங்க நானா.