எனக்கு முன்னே போய்ச் சேர்ந்த புள்ளி

எங்கள் பக்கத்தில் ஒருவன் போனில் ‘இந்தா வந்துட்டேன்’ என்றால் அவன் இன்னும் குளிக்கவில்லை என்று பொருள். ‘பக்கத்துலதான் இருக்கேன்’ என்றால் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறான். ‘வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன், அப்பறம் பேசுறேன்’ என்றால் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறான். கேட்கிறவருக்கும் இது தெரியும். அவரும் ‘சரி வா, நாங்க ரெடி’ என்று பதிலுக்கு ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போவார். இப்படி இரண்டு பக்கமும் பொய் சொல்லியே ஏறக்குறைய சரியான நேரத்தில் சந்தித்துக்கொள்கிறோம். நாற்பத்தாறு வருஷமாக நானும் மதுரைக்காரன்தான்.

அந்த வழக்கம் ஒருமுறை என் காலை வாரிவிட்டது. என் தங்கையை வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுடைய மூத்த மகளுக்கு வாடிப்பட்டியில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் நான். காலையில் தங்கை போன் செய்து எங்கே வருகிறாய் என்று கேட்டபோது, வாடிப்பட்டிக்குள் நுழைந்துவிட்டேன் என்றேன். அப்போது நான் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் என் வீட்டில், கட்டிய வேட்டி பிடிக்காமல் வேறு வேட்டி தேடிக்கொண்டிருந்தேன். என் பேச்சை நம்பி அவர்கள் ஆசாரியை உட்கார வைத்து, பிள்ளைக்குப் பூ வைத்து, நல்ல நேரம் முடியும்வரை வாசலையே பார்த்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் ரசம் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பெரியப்பா மகன், அவனும் தங்கைக்கு அண்ணன் முறைதான், பிள்ளையைத் தன் மடியில் வைத்துக் காரியத்தை முடித்துவிட்டிருந்தான். ஆல்பம் முழுக்க அவன்தான் இருக்கிறான்.

தங்கை சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் மனைவிக்குப் போன் செய்து, ‘ஒங்க வீட்டுக்காரர்ட்டச் சொல்லிருங்க மதினி’ என்பாள். அடுத்த வருஷம் அவளுக்கு இரண்டாவதும் பெண் பிறந்தது. அம்மாவும் மனைவியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவளே கூப்பிடட்டும் என்று நான் வீட்டில் இருந்தேன். கோபம் அவளுக்கு, வீம்பு எனக்கு. அந்தப் பிள்ளையை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

போன ஆவணியில் அந்தச் சின்னவளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமனை அழைக்காமல் முடியாது. தங்கையின் கணவர் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்கு வந்தார். இந்த முறை மண்டபம் இல்லை, அவர்களுடைய குலசாமி கோயில். காலை பத்து மணிக்குள் நல்ல நேரம். தட்டைக் கையில் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே, தங்கை சொல்லியனுப்பியதைச் சொன்னார்.

“வாயால ஒண்ணும் சொல்ல வேணாமாம் மச்சான். லொகேஷன் போட்டுவிடச் சொல்லுது. பத்துக்குள்ள நீங்க வரலைன்னா பெரியப்பா மகன் மடியிலயே உக்கார வச்சிருமாம்.”

லொகேஷன் என்றால், என் போன் எங்கே போகிறதோ அது ஒரு புள்ளியாக அவள் போனில் தெரியும். ஜாமீனில் வந்தவனைப் போல ஒரு தாய்மாமன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது பிள்ளைக்கும் என் மடி காலியாக இருந்தால், அப்புறம் எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலை மிதிப்பது? சரி என்று சொல்லிவிட்டேன்.

கோயில் வயல்களுக்கு நடுவே இருந்தது, நான் போனதில்லை. மேப் பார்த்துத்தான் போக வேண்டும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குப் போனில் மேப் தெரிவது சிரமம். அடுப்படியில் பெரிய திரையுள்ள ஒரு டேப் சும்மா கிடந்தது. மகளுடைய ஆன்லைன் வகுப்புக்காக வாங்கி, வகுப்பு முடிந்ததும் சமையல் வீடியோவுக்குப் போய், மிளகாய்த்தூள் படிந்த பழைய டேப். அதைத் துடைத்துக் காரில் மாட்டினேன். மறுநாள் கப்பலூரில் வேலைக்குப் போய் ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தால், அது என்னை இன்னும் வீட்டு அடுப்படியிலேயே காட்டிக்கொண்டிருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் மெஷின்களுக்குப் புரோகிராம் போடும் நண்பர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இதில் ஜிபிஎஸ் கிடையாது, சிம் போடவும் வழியில்லை, இதற்குக் கண்ணே இல்லை என்றார். ஆனால் போனுக்குக் கண் இருக்கிறதே, அதை இதற்கு இரவல் வாங்கிக்கொடுக்கலாம். போனில் ஒன்றும் டேப்பில் ஒன்றுமாக இரண்டு ஆப்புகளை ஏற்றினார். ஹாட்ஸ்பாட்டையும் புளூடூத்தையும் போட்டார். போன் தான் இருக்கும் இடத்தைப் பக்கத்திலிருக்கும் டேப்பின் காதில் சொல்லும். டேப் அதைப் பெரிதாகக் காட்டும். குருடனுக்கு ஒருவன் கை கொடுத்துக் கூட்டிப்போவது மாதிரிதான்.

“ரெண்டையும் பிரிச்சுறாதீங்கண்ணே. போன் நகண்டு போச்சுன்னா டேப்பு கடைசியாப் பாத்த எடத்துலயே நின்னுரும்” என்றார்.

நான் தலையாட்டினேன். புரிந்தவன் ஆட்டுவதைவிடச் சற்று அதிகமாகவே ஆட்டியிருப்பேன்.

காதுகுத்து அன்று காலை ஏழரைக்கெல்லாம் நான் தயார். சீர்த்தட்டுகளும் அம்மாவும் சொந்தக்காரர்களும் வேனில். நானும் மனைவியும் காரில். தங்கைக்கு லொகேஷனைத் தட்டிவிட்டு, டேப்பைத் திறந்ததும் அது பெண் குரலில் எங்கே போக வேண்டும் என்று கேட்டது. வேனிலிருந்து அம்மா இறங்கியே வந்துவிட்டாள். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவனை ‘எங்கே’ என்று கேட்கலாமா, தூரமா என்றுதான் கேட்க வேண்டும், அந்தப் பெண்ணுக்கு வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையா என்று கடிந்துகொண்டாள். அம்மாவைச் சமாதானப்படுத்தி வேனில் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். ஹாட்ஸ்பாட்டில் போன் சூடாகிறதென்று மனைவி அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திண்டுக்கல் சாலையில் டேப் அழகாக வழி சொல்லிக்கொண்டு வந்தது. வாடிப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். வேனில் பழத்தட்டுகள் சரிந்து ஆப்பிள்கள் உருண்டுகொண்டிருந்ததால், அவற்றைப் பிடித்துக்கொள்ள மனைவி வேனுக்கு மாறினாள். வேன் டிரைவர், அந்தக் கோயிலுக்கு இரண்டு கிடாவெட்டுக்கு வந்திருக்கிறேன், என் பின்னாலேயே வாருங்கள் என்று நல்ல மனதோடு சொன்னார். நான் கார்க் கண்ணாடி வழியாக டேப்பைக் காட்டினேன். எனக்கு மேப் இருக்கிறது, நீங்கள் மெதுவாக வாருங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் கிளம்பினேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் காரில் உட்கார்ந்தபடியே போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு டேப் பேசவில்லை. நேர்ச்சாலையில் அது வெகுநேரம் பேசாமல் வருவது வழக்கம்தான். பேசவில்லையென்றால் நேரே போ என்று அர்த்தம் எடுத்துக்கொண்டேன். வீட்டில் இருபது வருஷமாக, பேச்சில்லாமல் போனால் ஏதோ தப்பான வழியில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அறிந்தவன், சாலையில் அதை மறந்துவிட்டேன். வாடிப்பட்டி போனது. சிறுமலை வலது பக்கம் கூடவே வந்தது. திண்டுக்கல் பலகைகளில் கிலோமீட்டர் குறைந்துகொண்டே போனது. சந்தேகம் வந்து ஓரமாக நிறுத்திப் பார்த்தால், புள்ளி டீக்கடையிலேயே நின்றுகொண்டிருந்தது. சட்டைப்பையைத் தடவினேன். என் போன் என் மனைவியின் பைக்குள், வேனுக்குள், எனக்குப் பின்னாலோ முன்னாலோ போய்க்கொண்டிருந்தது.

திரும்பினேன். மேப்பில் தெரிந்த வழிக்கோட்டை வைத்து, இதுதான் அந்தத் திருப்பம் என்று நானாக முடிவுசெய்து ஒரு சாலையில் இறங்கினேன். அது தார்ச்சாலையாகத் தொடங்கி, செம்மண்ணாகி, கடைசியில் ஒரு கால்வாய்க் கரையில் முடிந்தது. மணி ஒன்பதரை. யாரையும் கூப்பிட முடியாது. மறுபடியும் அந்த ஆல்பம்தான் கண் முன்னால் வந்தது. நடுக்காட்டில் நின்று ஒரு டேப்பை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கோயிலில் அப்போது நடந்ததைத் தங்கையின் கணவர் பின்னால் சொன்னார். என் புள்ளி ஒவ்வொரு ஊராகத் தாண்டி வருவதைத் தங்கை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் போனை நீட்டி, அண்ணன் வருகிறது பாருங்கள் என்று காட்டியிருக்கிறாள். ஒன்பதே காலுக்குப் புள்ளி கோயில் வாசலுக்கே வந்துவிட்டது. மேளத்தை அடிக்கச் சொல்லிவிட்டு ஆரத்தித் தட்டோடு ஓடி வந்திருக்கிறாள். வேனிலிருந்து அம்மா இறங்கினாள், பழத்தட்டுகள் இறங்கின, மனைவி இறங்கினாள். நான் இறங்கவில்லை. மனைவி பையைத் திறந்து என் போனை எடுத்தபோது மேளம் தானாக நின்றதாம். என் ஆயுளில் முதல்முறையாகச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தேன். நான் மட்டும்தான் கூட இல்லை.

கால்வாய்க் கரையில் எனக்கு எதிரே புல்லுக்கட்டோடு மொபெட்டில் ஒருவர் வந்தார். கோயில் எங்கே என்று கேட்டேன். இந்தா இருக்கு, கூப்பிடு தூரம் என்றார். எங்கள் பக்கத்தில் கூப்பிடு தூரம் என்பது கூப்பிடுகிறவனின் நம்பிக்கையைப் பொறுத்தது. அவர் போனை வாங்கினேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர், என்னுடையது. அதையே அழுத்தினேன். எடுத்தது தங்கை.

“எங்க இருக்க?”

நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. இந்தா வந்துட்டேன் என்று நாக்கு நுனிவரை வந்தது.

“தெரியல” என்றேன்.

“நெசமாவா?”

“நெசமாத்தான் தெரியல ஆத்தா. ஏதோ கால்வாய்க் கரை. பக்கத்துல ஒரு அண்ணன் நிக்கிறாரு.”

“அவருட்டக் குடு.”

புல்லுக்கட்டுக்காரர் பழைய ரைஸ் மில்லைச் சொல்லி, அதற்கு வடக்கே என்று சொல்லி, போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பத்து நிமிஷத்தில் தங்கையின் கணவரே பைக்கில் வந்தார். கரை வழியாகக் குறுக்கே போனால்தான் நேரத்துக்குச் சேரலாம் என்றார். காரை அங்கேயே விட்டுவிட்டு, டேப்பை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். ஏன் கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. போகிற வழியில்தான் அவர் இதையெல்லாம் சொன்னார். சொந்தக்காரர்கள் பெரியப்பா மகனை உட்காரச் சொல்லி நெருக்கினார்களாம். அவனும் உட்காரப் போனானாம். நான் பேசிய பிறகு தங்கை என் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கண்ணன் வரட்டும் என்று சொல்லிவிட்டாளாம்.

கோயிலுக்குள் நுழைந்தபோது பத்துக்கு எட்டு நிமிஷம் இருந்தது. விரித்திருந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். தங்கை இடுப்பிலிருந்த பிள்ளையை என் மடியில் வைத்தாள். பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. ஆசாரி கம்பியை எடுத்தார்.

அவர் கை அருகில் வரும் முன்பே பிள்ளை வீறிட்டது. ஊசியைப் பார்த்துப் பயந்துவிட்டது என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது ஊசியைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் கைகளை உதறிக்கொண்டு, கூட்டத்தில் ஓரமாக நின்ற பெரியப்பா மகனிடம் இரண்டு கைகளையும் நீட்டியது.

“மாமாட்டப் போணும், மாமாட்டப் போணும்.”

சிரிப்பு நின்றுவிட்டது. என் வீட்டிலிருந்து அந்தப் பிள்ளையின் வீடு ஒரு மணி நேரத் தூரம். அதைக் கடக்க எனக்கு எந்த மேப்பும் தேவைப்பட்டிருக்காது, மூன்று வருஷமாக நான்தான் கடக்கவில்லை. பெரியப்பா மகன் சங்கடத்தோடு வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டான். தங்கை குனிந்து, அதன் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள்.

“அவரு பெரிய மாமா. இவருதான் ஒன் சொந்த மாமா.”

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு என்னை நன்றாக ஒருமுறை பார்த்தது. பிறகு முன்னைவிடச் சத்தமாக அழுதது.

“மொகத்தப் பாத்ததே இல்லைல்லண்ணே, அழத்தான் செய்வா” என்றாள் தங்கை. “நீ விட்றாம கெட்டியாப் புடி.”